கடைமடையிலிருந்து தொடங்குங்கள்: நெல்லைச் சீமையில் ஒருங்கிணைப்பாளர் வேலை

மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சமூகப்பணியில் முதுகலை முடித்திருக்கிறீர்கள். சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஏழெட்டுக் குளங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. அதற்கு ஒருங்கிணைப்பாளராக உங்களைக் கூப்பிடுகிறார்கள். "எனக்கு அதிகாரமும் இல்லை, கையில் பணமும் இல்லை, நான் அந்த ஊர்க்காரியும் இல்லை. கூட்டம் போட்டு மக்களைப் பேசவைக்க ஒரு ஆள் எதற்கு? இதனால் ஒரு வட்டாரம் எப்படி வளரும்? போகலாமா வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். தேவையான வேலை. ஆனால் வேலை என்னவென்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கூட்டம் போடுவது இதில் சின்னப் பகுதி. கூட்டத்துக்கு வராதவரைத் தேடிப் போவது, வந்தும் வாய் திறக்காதவரின் பேச்சைக் கேட்டு வைப்பது, பேசி முடித்ததை எழுத்தில் நிறுத்துவது, எழுதியது நடக்கிறதா என்று பின்னாலேயே அலைவது, இதெல்லாம்தான் பெரும்பகுதி. நான் இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக இதே வேலையில் இருப்பவன். எனக்குப் பிடிபட்ட ஒன்றைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்: எதையும் கடைமடையிலிருந்து, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மடையிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இந்தச் சீமை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிறது. நடுவில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் 187 குளங்களை நிரப்பி, 86,107 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. கார், பிசானம் என்று இரண்டு போகம். இந்த ஏற்பாட்டில் எந்த வயலும் தனி வயல் கிடையாது. மேலே ஒருவர் மடையை இரண்டு நாள் கூடுதலாகத் திறந்துவைத்தால், கீழே பல மைல் தள்ளி இன்னொருவருடைய பயிர் பொதி கட்டும் நேரத்தில் காயும். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இருக்காது.

நிர்வாகமோ வேறு கணக்கில் பிரிந்து கிடக்கிறது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. கடனாநதி, ராமநதி அணைகள் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. பாபநாசமும் மணிமுத்தாறும் திருநெல்வேலியில். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தூத்துக்குடியில். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் வந்து தாமிரபரணியில் கலக்கிறது. ஆறு ஒன்று, ஆட்சியர் அலுவலகம் மூன்று.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், ஒரு குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்ளே நிற்கும் கருவேல மரங்கள் பல குளங்களில் வனத்துறையின் சமூகக்காடு. மீன்பாசி ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார். வண்டல் அள்ளுவதற்கு அனுமதி வாங்கவேண்டும். எல்லை, ஆக்கிரமிப்பு என்று பேச்சு வந்தால் வருவாய்த்துறை. இது அரசாங்கப் பக்கம். மக்கள் பக்கம் பாருங்கள்: நிலம் வைத்திருப்பவர், அந்த நிலத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிரிடுபவர், மடை பார்க்கும் நீர்பாய்ச்சி, ஆடு மாடு மேய்ப்பவர், வாத்து மேய்ப்பவர், துணி துவைக்கவும் குளிக்கவும் வரும் பெண்கள், காருகுறிச்சிப் பக்கம் என்றால் மண்பாண்டத்துக்கு மண் எடுப்பவர்கள். மீன் குத்தகைதாரருக்குப் பங்குனியில் தண்ணீர் வற்றினால்தான் மீன் பிடிக்க வசதி. மாடு வைத்திருப்பவருக்கு வைகாசி வரைக்கும் கொஞ்சம் கிடக்கவேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரவைக்க எந்தத் துறையிலும் பணியிடம் கிடையாது. அதற்குத்தான் நீங்கள்.

"முன்பெல்லாம் இப்படி ஒரு ஆளை வைத்தா நடந்தது? ஊரே கூடிக் குடிமராமத்து செய்யவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். செய்தார்கள்தான். ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கென்று ஆங்கிலேய ஆட்சி ஒரு சட்டமே போட்டு ஆள் வரவழைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் காலத்து ஒற்றுமையில் மண் சுமந்தவர் யார், கரைமேல் நின்று வேலை வாங்கியவர் யார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். அதை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. இரண்டிலும் நல்லது நடந்த இடங்கள் உண்டு. சங்கம் பதிவாகி, தலைவர் தேர்வாகி, கரையில் மண் கொட்டி முடித்ததும் சங்கத்துக் கதவு பூட்டிக் கிடக்கிற இடங்களும் நிறைய. பதிவு எண் இருக்கும், பேச்சுவார்த்தை இருக்காது. அந்தப் பேச்சுவார்த்தையை உயிரோடு வைத்திருப்பது ஒரு முழுநேர வேலை. ஊர்க்காரர் யாராவது ஓய்ந்த நேரத்தில் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

சரி, கடைமடைக்கு வருவோம்.

ஊருக்குப் புதிதாகப் போகும்போது ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்து வணக்கம் சொல்லாமல் நடமாடக்கூடாது. அது மரியாதை. பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நேரே கடைசி மடைக்குப் போங்கள். ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஷட்டரே இருக்காது, சாக்கில் மண் கட்டி அடைத்திருப்பார்கள். வாய்க்கால் ஒரு இடத்தில் சீமைக்கருவேலுக்குள் போய்க் காணாமல் போயிருக்கும். அங்கே நிலம் வைத்திருப்பவர் பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரராக இருப்பார், இல்லையென்றால் பாட்டத்துக்குப் பயிரிடுபவராக இருப்பார். பாட்டத்துக்குப் பயிரிடுபவரின் பெயர் நிலப் பதிவேட்டில் இருக்காது. அதனால் பாசனச் சங்கத்தின் வாக்காளர் பட்டியலிலும் இருக்காது. நட்டம் என்று வந்தால் முதலில் படுவது அவர்தான்.

தலைமடையில் கேட்டால் "தண்ணி எல்லாருக்கும் ஒழுங்காத்தான் போகுது" என்பார்கள். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே "பெரிய பிரச்சினை எதுவும் இல்லை, கரையைப் பலப்படுத்தினால் போதும்" என்று எழுதிவிடுவீர்கள். அப்புறம் மூன்று வருஷமும் கரைமேல் மண் கொட்டுவதிலேயே போய்விடும்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள், நீங்களும் கேட்டிருக்கலாம். கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னை வைத்துக் கால்வாய் வெட்ட நினைத்தாராம். ஒரு பசு முன்னால் போக, அது நடந்த தடத்தில் கால்வாயும், கோமியம் விட்ட இடத்தில் மடையும், படுத்த இடத்தில் குளமும் வெட்டினாராம். கதை எப்படியோ இருக்கட்டும். இன்றைக்கு 12,500 ஏக்கருக்குப் பாயும் அந்தக் கால்வாயைத் தலையிலிருந்து வால் வரைக்கும் நடந்தே பார்த்த ஒருவர் அன்றைக்கு இருந்திருக்கிறார் என்றுதான் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இப்போது பைக்கில் போனவர்கள் உண்டு, முழுக்க நடந்தவர்கள் அபூர்வம். நீங்கள் நடங்கள். தனியாக நடப்பதைவிட, தலைமடை ஊரிலிருந்து இரண்டு பேர், கடைமடை ஊரிலிருந்து இரண்டு பேர், நீர்வளத்துறையின் பாசன ஆய்வாளர் வரச் சம்மதித்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு நடங்கள். கடைசி மடையில் நின்று, ஈரம் காணாத வாய்க்காலை ஒரு தலைமடை விவசாயி தன் கண்ணால் பார்த்து, "இது எத்தனை வருஷமா இப்படிக் கிடக்கு?" என்று கேட்கும்போதுதான் பேச்சே ஆரம்பமாகிறது. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் அதற்கு மதிப்பில்லை. அவர் கேட்கவேண்டும். அவர் கேட்கிற இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் வேலை.

இனி, யாரும் எழுத்தில் சொல்லத் தயங்குகிற விஷயம். நம் சீமையில் சாதியைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வேலையைப் பேச முடியாது. 1995-இல் தென்மாவட்டங்களில் நடந்த கலவரங்களைப் பார்த்த தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவை வைத்து அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இது உங்கள் களத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

"எம்மா, உனக்கு எந்த ஊரு?" என்று முதலில் கேட்பார்கள். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்து வரும். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், அதற்கு மேல் போகவேண்டாம். சிரித்த முகத்தோடு "மடையப் பாக்கணும் பாட்டி, வாரீங்களா?" என்று பேச்சைத் திருப்பலாம். எந்தத் தெருவில் தண்ணீர் குடித்தீர்கள், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள் என்பதைக் கவனிப்பார்கள். எல்லாத் தெருவிலும் குடியுங்கள், முதல் வாரத்திலேயே குடியுங்கள். முதல் மாதம் ஒரு தெருவோடு நின்றுவிட்டால், அடுத்த மாதம் இன்னொரு தெருவுக்குள் போகும்போது நீங்கள் யாரோ ஒருவருடைய ஆளாகிவிட்டிருப்பீர்கள்.

கூட்டம் எங்கே என்பதிலேயே யார் வரமாட்டார் என்பது பாதி முடிவாகிவிடும். ஒரு சமுதாயத்துக் கோயில் மண்டபத்தில் வைத்தால் இன்னொரு தெரு வராது. காலனி சமுதாயக் கூடத்தில் வைத்தால் மற்றவர்கள் "வேலை இருக்கு" என்பார்கள். பெரிய வீட்டு முற்றம் என்றால் வருகிறவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம், நூலகம், எல்லாவற்றையும்விடக் குளக்கரை நல்லது. கரை யாருக்கும் சொந்தமில்லை, அங்கே வர எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நாற்காலி எல்லாருக்கும் போதாது என்றால் யாருக்குமே போடாதீர்கள். டீ எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கப்பில் வரவேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று திட்ட அறிக்கை எழுதுபவர்கள் நினைக்கலாம். கரையில் உட்கார்ந்திருப்பவர் வேறு எதையும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதில்லை.

நீங்கள் பெண் என்பது இந்த வேலைக்குப் பலம். ஆண் ஒருங்கிணைப்பாளர்கள் அடுப்படி வரைக்கும் போக முடியாது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தலைவி இருப்பார், பக்கத்தில் கணவர் உட்கார்ந்து பதில் சொல்வார். அவரை முறைத்துக்கொண்டு எதையும் சாதிக்க முடியாது. தலைவியோடு தனியாகக் குளத்தைச் சுற்றி வாருங்கள், கணக்கை அவரிடம் கேளுங்கள், கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த விஷயத்தை அவரிடமே திருப்பி விடுங்கள். ஓரிரு முறை அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் ஊர் தானாகவே அவர் பக்கம் திரும்பிக் கேட்கும்.

பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடைமடை ஊரில், பள்ளி வளாகத்தில், குளத்தையும் பாசனத்தையும் தரையில் படமாக வரையச் சொன்னோம். ஆண்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குளம், மேலமடை, நடுமடை, கீழமடை, மறுகால் (மிகுந்த தண்ணீர் வெளியேறும் வழி), வாய்க்கால், பம்புசெட் என்று துல்லியமாக வரைந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி, கோலமாவில் வரைந்தார்கள். அவர்கள் படத்தில் வாய்க்காலில் மூன்று படித்துறை இருந்தது, அதில் ஒன்று இடிந்து போனது. குளத்து உள்வாயில் ஒரு ஊற்று இருந்தது, கோடையில் உப்புக் கரிக்காத தண்ணீர் அதில்தான். ஒரு பாட்டி மடியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து, கீழமடையிலிருந்து வயல்கள் நடுவே ஒரு வரிசை வைத்தார். அது என்ன என்று கேட்டோம். "நடவுக்குப் போற வழி. ஒருத்தரு வேலி போட்டுட்டாரு. இப்ப நாத்துக்கட்டத் தலையில வச்சுக்கிட்டுச் சுத்திப் போறோம்" என்றார். ஆண்கள் படத்தில் அந்த வழியே இல்லை. அவர்கள் வண்டிப்பாதையில் போகிறவர்கள். வேலி போட்டவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். அன்றைக்கு யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படத்தைத் தாளில் எடுத்து எழுதும்போது அந்தப் புளியங்கொட்டை வரிசையையும் சேர்த்து எழுதி, நூலகச் சுவரில் ஒட்டினோம். பேசிப் பேசி அடுத்த போகத்தில்தான் வேலி நகர்ந்தது. ஆனால் படத்தில் ஏறாமல் இருந்திருந்தால் பேச்சே வந்திருக்காது.

எழுத்து என்றதும் தீர்மானப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல கூட்டங்கள் பல புத்தகத்தில் வந்து செத்துப்போகின்றன. "கீழமடையை விரைவில் சீர்செய்ய ஆவன செய்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் ஒரு பொறுப்பும் இல்லை. "கீழமடை ஷட்டர் திருகு மாற்ற, வருகிற திங்கள்கிழமை மனுநாளில் இன்னாரும் இன்னாரும் மனு கொடுப்பது. ரசீது எண்ணை அடுத்த கூட்டத்தில் வாசிப்பது" என்று எழுதுங்கள். எழுதியதை எல்லாரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு இரண்டு முறை வாசியுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அவர் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். "ஒருமனதாக" என்ற சொல்லை முடிந்தவரைக்கும் தொடாதீர்கள், பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மௌனம்தான் அதற்குள் இருக்கும். அப்புறம் அந்தத் தீர்மானத்தைக் கிராமசபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. கரையில் பேசியது கிராமசபைத் தீர்மானமாக ஏறிவிட்டால், ஒன்றிய அலுவலகத்தில் அதை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவைக்க முடியாது.

தகராறு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி: ஷட்டர் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். முறைத் தண்ணீர் பட்டியல் ஒருவர் சட்டைப்பையில் இருந்தால் சண்டை வரும். அதையே மடைக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது. மணிமுத்தாறு பிரதானக் கால்வாயில், அங்கே எண்பதடிக் கால் என்பார்கள், தண்ணீரை ரீச்சு ரீச்சாக, அதாவது கால்வாயின் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த ஆண்டில் எந்த ரீச்சுக்கு முன்னுரிமை என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான், குறைவாகக் கிடைத்த வருஷத்திலும் "அடுத்த வருஷம் நமக்கு" என்று பொறுக்க முடிகிறது.

நீங்கள் போவதற்கு முன்பே அந்த ஊர்களில் கூட்டுவேலை இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து மதிப்பது முக்கியம். நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பிருந்தே ஊர் மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துவருகிறார்கள். வேப்பமரத்தில் கூடு இருந்தால் கிளை வெட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரமாகிறது. கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் திருப்புடைமருதூரிலும் அப்படித்தான், கோயில் மரங்களில் பறவைகள் அடையும் அந்த இடம் 2005-இல் பறவைகள் காப்பிடமானது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் சேர்ந்து நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை ஒருங்கிணைக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், விவசாயிகள் என்று பல தரப்பட்டவர்கள் விடியற்காலையில் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்பதைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் கலந்துகொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தின் குளங்களையெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கண்ணால் பார்க்கிற பழக்கத்தை அது உண்டாக்கியிருக்கிறது. உங்கள் திட்டத்துக்கு அந்தக் கண்தான் தேவை.

இதனால் வட்டாரம் எப்படி வளரும் என்று கேட்டீர்கள் அல்லவா? பத்தமடைக்குப் போங்கள். கோரையை வெட்டிக் கிழித்துக் காயவைத்து, ஆற்றில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் தோய்த்து, ஒரு பெண் வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டுப்பாய் நெய்கிறார். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் கோரை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும்தான் வளர்கிறது. ஜேசிபி வைத்து வாய்க்கால் கரையை ஒட்ட வழித்துவிட்டால் "தூர்வாரியாச்சு" என்று பாசனச் சங்கம் சந்தோஷப்படும், பாய் நெய்பவருக்குக் கோரை விலை ஏறும். காருகுறிச்சியில் மண்பாண்டத்துக்கு வேண்டிய களிமண் குளத்திலிருந்து வருகிறது. தூர்வாரும்போது எந்த மூலையில் எவ்வளவு ஆழம் என்பதை அவர்களிடம் கேட்டுச் செய்தால் குளமும் ஆழமாகும், மண்ணும் கிடைக்கும். கேட்காமல் செய்தால் நல்ல களிமண் லாரியில் ஏறி எங்கேயோ மேடு நிரப்பப் போய்விடும். பாசனத்துக்கு ஒரு திட்டம், கைத்தொழிலுக்கு ஒரு திட்டம், மகளிர் குழுவுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் பணம் வருகிறது. ஒன்று இன்னொன்றின் வயிற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். வட்டார வளர்ச்சி என்று நான் புரிந்துவைத்திருப்பது இதைத்தான். பாய் நெய்யும் பெண் உங்கள் கூட்டத்துக்கு வரமாட்டார். மத்தியானச் சோறு முடிந்து, தறிக்கு உட்காருவதற்கு முன்னால் இருக்கிற இடைவெளியில் நீங்கள்தான் போகவேண்டும். அவரும் கடைமடைதான்.

ஆபத்தில் இந்த உறவுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ரோடுகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. மீட்புப்படை வந்து சேரும்வரை, பக்கத்துப் புதுக்குடி மக்கள் இருந்ததைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். அதை யாரும் பயிற்சி கொடுத்து வரவழைக்கவில்லை. ஆனால் எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், மறுகாலைத் திறக்க யாருக்கு போன் செய்யவேண்டும், மேல்குளத்துக்காரர் கீழ்குளத்துக்காரருக்கு எப்போது சொல்லவேண்டும் என்பதெல்லாம் மழைக்கு முன்னால் பேசிவைக்க வேண்டியவை. சங்கிலிக் குளங்களில் ஒன்று உடைந்தால் அடுத்ததும் உடையும். அந்தப் போன் எண் பட்டியலை ஊர் ஊராகத் தயாரித்து ஒட்டுவதை உங்கள் முதல் ஆறு மாத வேலைகளில் வையுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் சமமான இடத்தில் நிற்கவில்லை. அங்கே சும்மா நடுவில் நின்றால், ஏற்கெனவே இருக்கிற மேடு பள்ளம் அப்படியே தொடரும். யாரிடமும் பகையில்லாமல், எல்லார் பேச்சையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, சத்தம் குறைந்தவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறவராக இருங்கள். அதை மறைக்கவும் வேண்டாம். தலைமடைக்காரரிடமே "அண்ணாச்சி, அவங்க இன்னும் பேசல, அவங்களையும் கேட்டுருவோம்" என்று சொல்லலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் எல்லாச் சண்டையும் பேச்சில் தீர்வதல்ல. மணல் திருட்டு, பெரிய ஆக்கிரமிப்பு போன்றவற்றில் தனியாக இறங்காதீர்கள். 2023 ஏப்ரலில் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசாங்க நாற்காலியில் இருந்தவருக்கே அந்தக் கதி. அப்படிப்பட்ட விஷயம் கண்ணில் பட்டால் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். அவர்கள் வழியாக, பலர் சேர்ந்து, உரிய அதிகாரிக்குப் போகட்டும். புகைப்படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடுவது வேண்டாம்.

அதனால் சேருவதற்கு முன்னால் நிறுவனத்திடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். களத்தில் பிரச்சினை என்றால் உங்கள் பக்கம் நிற்பது யார், அவர் பெயர் என்ன? முதல் ஆறு மாதத்தில் "எத்தனை மீட்டர் வாய்க்கால்" என்று கணக்குக் கேட்பார்களா, இல்லை நடந்து பழக நேரம் கொடுப்பார்களா? நேரம் கொடுக்காத இடம் என்றால் யோசியுங்கள். அங்கே உங்களைக் கான்ட்ராக்ட் மேஸ்திரியாக ஆக்கிவிடுவார்கள். வண்டிக்குப் பெட்ரோல், இரவு நேரக் கூட்டம் முடிந்து திரும்ப ஏற்பாடு, மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் உண்டா? திட்டப் பணம் நின்றபின் தீர்மானப் புத்தகமும் வரைபடமும் யாரிடம் இருக்கும்? "எங்கள் அலுவலகத்தில்" என்று சொன்னால், இரண்டாவது பிரதி ஊர் நூலகத்தில் இருக்கவேண்டும் என்று முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள். உங்களோடு கூட நடக்க, அந்தந்த ஊரிலேயே ஓர் இளைஞரையோ பெண்ணையோ உதவிக்கு எடுக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திட்டம் மூன்று வருஷத்தில் முடியும், நீங்கள் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

எப்போது சேரலாம் என்பது உங்கள் கையில் இருந்தால், புரட்டாசிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து, முதல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும்போது யார் மடையில் முதலில் நிற்கிறார், எந்த ஊரில் நாற்று காத்துக்கிடக்கிறது, எந்தக் குளம் கடைசியில் நிரம்புகிறது என்பதையெல்லாம் கூடவே நடந்து பார்க்கலாம். பங்குனியில் சேர்ந்தால் அதற்கு இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.